ஏன் என்று கேட்கக் கூடாது

முதல் பருவம், நான்காம் வாரம்.
வெண்டல் பூட்டிலியர் பலகையில்
ஒரே ஒரு சொல் எழுதி
அதன்மேல் கோடு கிழித்தார்.
ஏன்.

"இது குற்றவாளிக் கூண்டு.
புத்தகம் கேட்டு வந்தவரை
அதில் ஏற்றாதீர்கள்.
எது, எங்கே, எப்போது,
இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள்.
இவை போதும்.
வாய் கேட்பது மேல்தோல்.
நீங்கள் உரிக்காதீர்கள், தானாய் உரியும்."

ஹாலிஃபாக்ஸில் மழை பக்கவாட்டில் பெய்யும்.
பதினேழு ஈரக் கோட்டுகள் சுவரோரம் சொட்டின.
என்னையும் ஒடெட் சூரெட்டையும் தவிர
எல்லாரும் இருபதுகளில்.

நான் துறைமுகப் படகில்
பதினோரு வருடம் சீட்டுக் கிழித்தவன்.
அடுத்த படகு எப்போது என்பவர்களில்
பாதிப் பேருக்குப் படகு வேண்டாம்.
ஒருவருக்குக் கழிப்பறை.
ஒருத்திக்கு வீடு போய்ச் சேர
இன்னும் கொஞ்சம் தாமதம்.
இதைப் படிக்க ஒரு முதுகலைப் பட்டம் உண்டென்று
நாற்பத்திரண்டில்தான் தெரிந்தது.
கடன் வாங்கிச் சேர்ந்தேன்.

ஆளுக்கொரு அட்டை.
முன்பக்கம் கேட்க வேண்டியது,
பின்பக்கம் உண்மையில் வேண்டியது.
ஐந்து நிமிடத்தில்
முன்னிலிருந்து பின்னுக்குப் போய்ச் சேர்ந்தால்
பத்துக்குப் பத்து.
மூலையில் லாக்லன் மக்ஆஸ்கில்
ரொட்டி பற்றிக் கேட்ட பெண்ணிடமிருந்து
கோதுமை ஒவ்வாமையை
இரண்டே நிமிடத்தில் கறந்துவிட்டான்.

ஒடெட் என் மேசைக்கு வந்தாள்.
"ஓத அட்டவணை வேண்டும்."
எந்தக் கரைக்கு?
"மெட்டேகன்."
எந்த வருடம்?
அட்டையைப் பார்த்தாள்.
அட்டையில் வருடம் இல்லை.
மெல்லக் கவிழ்த்து வைத்தாள்.
"எண்பத்தெட்டு. பிப்ரவரி பதினொன்று."

தொண்டையில் அந்தச் சொல்
மீன்முள்ளாய் நின்றது.
விழுங்கிவிட்டு, பாடத்தில் இருந்ததைக் கேட்டேன்:
இதுவரை தெரிந்தது என்ன?

"விடிகாலை மூன்றுக்குப் படகு கிளம்பியது.
நீர் ஏறிக்கொண்டிருந்தது என்கிறார் மாமா,
சுக்கான் பிடித்தவர் அவர்தான்.
வற்றிக்கொண்டிருந்தது என்கிறாள் அம்மா,
கரையில் நின்றவள்.
முப்பது வருடத்துக்கு மேலாயிற்று.
கிறிஸ்துமஸுக்கு இருவரும்
ஒரே மேசையில் உட்காருவதில்லை."

படகில் வேறு யார் இருந்தார்கள் என்று
எதில் தொடங்கிக் கேட்பது?
எப்போது, எங்கே எல்லாம் தீர்ந்துபோயிருந்தன.
வேறு ஏதாவது வேண்டுமா என்றேன்.
மணி அடித்தது.

அட்டையின் பின்பக்கம்:
குழந்தைகளோடு மட்டி பொறுக்கப் போக வேண்டும்.
பத்துக்கு நான்கு.
"பின்பக்கத்துக்குப் போகவே இல்லை"
என்று சிவப்பில் எழுதியிருந்தார்.

சாயங்காலம் கீழ்த்தளம் போனேன்.
அரசாங்க வெளியீடுகளை யாரும் தொடுவதில்லை,
விளக்கே ஆள் நடந்தால்தான் எரியும்.
எண்பத்தாறு, எண்பத்தேழு,
எண்பத்தொன்பது.
எண்பத்தெட்டை யாரோ தவறாகச் செருகி
மீன்வள அறிக்கைகளுக்குள் விட்டிருந்தார்கள்.
நாற்பது நிமிடம் தேடினேன்.
மெல்லிய சாம்பல் புத்தகம்,
துருப்பிடித்த இரண்டு கம்பித் தையல்.

மெட்டேகனுக்குத் தனிப் பக்கம் கிடையாது.
செயின்ட் ஜான் துறையின் நேரத்தை எடுத்து
கடைசிப் பட்டியலில் உள்ள நிமிடங்களைக்
கழித்துக்கொள்ள வேண்டும்.
மூன்றாம் வகுப்புக் கணக்கு.
நான் போடவில்லை.

இரண்டு பக்கங்களையும் நகலெடுத்து
ஒரு பென்சிலோடு கொடுத்தேன்.
படிக்கட்டில் உட்கார்ந்து
மடிமேல் வைத்துக் கழித்தாள்.
ஒருமுறை அழித்தாள்.
நான் ஜன்னல் பக்கம் திரும்பி
எதிரே இருந்த வண்டிகளை எண்ணினேன்,
இருபத்து மூன்று.

காகிதத்தை நான்காய் மடிக்கும் சத்தம்.
பைக்குள் போகும் சத்தம்.
"பென்சில் உன்னுடையது"
என்று நீட்டினாள்.

ஏறியதா, வற்றியதா,
இன்றுவரை எனக்குத் தெரியாது.
கிறிஸ்துமஸுக்கு இன்னும்
பதினோரு வாரம் இருந்தது.